கழுகுமலைக்குப் போகாத பிளசர்

கோவில்பட்டியில் ஒரு மனுஷனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால், அப்புறம் அவருடைய சொந்தப் பெயரை ரேஷன் கார்டில்தான் தேட வேண்டும். லிங்கராஜை ஊரே 'பிளசர் அண்ணாச்சி' என்றது. அந்தக் காலத்துப் பெரிய கார்களை இந்தப் பக்கம் பிளசர் என்றுதான் சொல்வார்கள். பிளசர் அண்ணாச்சி டீ குடிக்க வந்தார், பிளசர் அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம், பிளசர் அண்ணாச்சிக்குச் சர்க்கரை கூடிப்போச்சாம். இப்படிப் பேசியவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தது ஒரு பழைய டி.வி.எஸ். மொபெட்டில்தான். பிளசரில் அவர் போய் ஒருத்தரும் பார்த்ததில்லை.

கார் இல்லாமலும் இல்லை. எட்டயபுரம் ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் அவருடைய தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே தீப்பெட்டி செய்கிற கூடத்துக்கே அதுதான் பெயர். பெரிய மெஷின்கள் வந்த பிறகு சின்ன ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடின. அவருடையதும் மூடியது. கூடத்தை உரக்கடைக்காரர் ஒருவருக்குக் குடோனாக வாடகைக்கு விட்டுவிட்டு, பக்கவாட்டில் தகரம் இறக்கிய சாய்ப்பை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார். அதற்குள்தான் அந்தச் செவர்லே நின்றது. ஐம்பதுகளில் அமெரிக்காக்காரன் செய்த கார். முன்னால் நின்று பார்த்தால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

பழைய தீப்பெட்டி முதலாளி ஒருவரின் பங்களாவை இடித்தபோது, அந்தக் கார் இரும்புக்குப் போகவிருந்தது. லிங்கராஜ் குறுக்கே விழுந்து வாங்கினார். கோழி அடைந்து கிடந்த கார் அது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. லாரியில் கொண்டுவந்து இறக்கிய கையோடு மனைவி சுகுணாவைக் கூட்டிவந்து காட்டினார்.

சுகுணாவுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைக்கப் போனாள்.

"ஏட்டி, இரு இரு, ஏறாத!" என்று லிங்கராஜ் பதறிப்போய்த் தடுத்தார். "பூசை போடாத வண்டி. மொத ஓட்டத்துல வீட்டு ஆளுதான் உக்காரணும், தெரியும்லா? முழுசா முடிக்கட்டும். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, உன்னைய முன்சீட்டுல உக்கார வச்சு, பஜார் வழியா கழுகுமலை முருகன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் யாரும் ஏறக் கூடாது."

சுகுணா காலை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அந்தக் கதவில் அவள் கை வைக்கவில்லை.

பதினைந்து வருஷமா என்று கேட்காதீர்கள். ஒரு காரை முடிக்க முடியாமல் போவதற்கு இந்தப் பூமியில் காரணமா இல்லை? என்ஜினைப் பிரித்த வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. கியர் பெட்டியை இறக்கிய வருஷம் ஜி.எஸ்.டி. வந்தது. அப்புறம் பத்து ரூபாய் லைட்டர்கள் பெட்டிக்கடைதோறும் தொங்க ஆரம்பித்து, தீப்பெட்டியைக் கேட்க ஆளில்லாமல் போனது. அப்புறம் கொரோனா. நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடந்தது. ஹெட்லைட் வளையம் அமெரிக்காவிலிருந்து தங்கை மகளின் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. முன்பக்கக் கம்பிகளுக்கு மதுரையில் முலாம் பூசினார். முன்சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்தார். பின்சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகரம். இடதுபக்கம் முழுக்க வானநீலமும் சந்தன நிறமும் அடித்து முடித்தாயிற்று, வலதுபக்கம் இன்னும் துருவுக்கு அடிக்கிற சிவப்பு மட்டும்தான். ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்குப் புதுக் கார், சாய்ப்புக்குள் வந்து பார்க்கிறவனுக்குப் பாதிக் கார்.

என்ஜின் மட்டும் என்றைக்கும் ஏமாற்றியதில்லை. சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை சாய்ப்புக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து, முன்னே நாலடி, பின்னே நாலடி விட்டுப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்.

வீட்டில் சுகுணா அந்தக் காரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர் பழைய சட்டையை மாட்டினாலே, "என்ன, சக்களத்தி வீட்டுக்குப் பொறப்பட்டாச்சா?" என்பாள். மத்தியானம் சோறு கொண்டுபோனால் சாய்ப்பு வாசலிலேயே நின்று தூக்குவாளியை நீட்டுவாள். உள்ளே வர மாட்டாள். அவளுக்குக் கார் என்றாலே ஆகாது என்று லிங்கராஜ் நினைத்துக்கொண்டார். பெண்டாட்டியைப் பற்றி இப்படி ஒன்றை முடிவுகட்டிவிட்டால் ஆண்பிள்ளைகளுக்கு எவ்வளவு வசதி!

போன ஆவணியில் ஒருநாள் ஸ்பேனரைக் கையில் எடுத்தவர், எந்த போல்ட்டுக்காக எடுத்தோம் என்று தெரியாமல் நின்றார். மறதி இல்லை. எந்த போல்ட்டாக இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வலது தோளை ஒரு அளவுக்கு மேல் தூக்க முடியவில்லை. படுத்து நெளிந்து அடியில் போனால் எழுந்து வர இன்னொரு ஆள் வேண்டும். அதெல்லாம் கூடப் பெரிதில்லை. இந்தக் காரை முடிக்க வேண்டும் என்ற ஆசை எப்போது போனது என்றே தெரியாமல் போயிருந்தது, அதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது. ஸ்பேனரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, "வித்துருவோம் சுகுணா. அலுத்துப்போச்சு" என்றார்.

சுகுணா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாடா என்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப கழுகுமலை?" என்று கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. அவள் அதை இன்னும் வைத்துக்கொண்டிருப்பாள் என்று அவர் நினைக்கவேயில்லை. "போவோம். போகாம எங்க போறோம்? வண்டியக் குடுக்கிற அன்னைக்குக் காலையில பூசையப் போட்டு, போயிட்டு வந்து, அப்புறந்தான் சாவியக் குடுப்பேன்" என்றார். அந்த இடத்திலேயே முடிவுசெய்தார். விற்பதில் அவருக்கு வேறு எந்த எண்ணமும் இல்லை. அந்த ஒரு ஓட்டம் போய்விட வேண்டும். அது போய்விட்டால் பதினைந்து வருஷமும் வீணில்லை என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

புதியம்புத்தூரில் ரெடிமேடு கம்பெனி நடத்துகிற ராஜபாண்டி வந்து பார்த்தார். நல்ல மனுஷன். குறை சொல்லி விலையைக் குறைக்கிற ஆள் இல்லை. தன்னுடைய துணிக்கடை வாசலில் காரை நிறுத்தப்போகிறாராம், கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் அதில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். அந்தப் பக்கச் சிவப்பைப் பார்த்து, "இது இப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி, சுவத்துப் பக்கம் போயிரும்லா" என்றார். லிங்கராஜ் சரி என்று தலையாட்டினார். அவர் இருந்த அலுப்பில், கார் மேல் கோழி வளர்க்கப்போகிறேன் என்றிருந்தால்கூட ஆட்டியிருப்பார். வியாழக்கிழமை மத்தியானம் லாரியோடு வருவதாகப் பேச்சு.

இதற்கு அப்புறம்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். புதன்கிழமை சாயங்காலம், மறுநாள் காலையில் நேரம் போகக் கூடாது என்று, காரைச் சாய்ப்பிலிருந்து வெளியே எடுத்துக் கழுவித் துடைத்து, ரோட்டைப் பார்த்துத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு வந்தார். வெறும் கரிசல் மண்ணில்! புரட்டாசி கடைசி. இந்தப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி எவனாவது அந்த மாசத்தில் ஒரு வண்டியைக் கரிசலில் நிறுத்துவானா? தீப்பெட்டிக்காரர் ஒருவர்தான் நிறுத்துவார். நாற்பது வருஷமாக வெயிலை மட்டுமே வேண்டிக்கொண்ட மனுஷன். மருந்து முக்கிய குச்சி காய வேண்டும், ஒட்டிய பெட்டி காய வேண்டும். வானத்தை அண்ணாந்து பார்ப்பதே மேகம் இல்லையே என்று உறுதிசெய்துகொள்ளத்தான். அன்றைக்கும் பார்த்தார். மேகம் இல்லை.

ராத்திரி கொட்டியது பாருங்கள் மழை! இரண்டு மாசமாக ஏமாற்றிய மழை, புழுதியில் விதைத்துவிட்டுக் காத்துக் கிடந்தவர்களின் வயிற்றில் பால் வார்த்த மழை. விடிந்தபோது ஊரே முகம் மலர்ந்து கிடந்தது. டீக்கடையில் பேச்செல்லாம் மழைதான்.

சுகுணா அரக்குப் பட்டுச் சேலை கட்டித் தலைநிறையப் பூ வைத்திருந்தாள். மகள் கல்யாணத்துக்குக் கட்டியது. அதற்கப்புறம் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. தேங்காய், பழம், சூடம், நாலு எலுமிச்சை எல்லாம் ஒரு வயர்கூடையில். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, சேலை சக்கரத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் ஏதோ மெதுவாக முணுமுணுத்துப் பாடுவது அவருக்குக் கேட்டது.

போய்ப் பார்த்தால் கார் பாதிச் சக்கரம் மண்ணுக்குள் இருந்தது.

கரிசல் காய்ந்தால் பாறை, நனைந்தால் களி. லிங்கராஜ் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு இறங்கினார். செருப்பு இரண்டையும் மண் வாங்கிக்கொண்டது. அந்த நிலைமையிலும் அவர் பூசையை விடவில்லை. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்தார், சூடம் காட்டினார், தேங்காயை உடைத்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் சொன்ன பேச்சைக் கேட்டது. கிளட்சை விட்டார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, சேற்றை வாரி இறைத்தது. சுகுணாவின் பட்டுச் சேலையில் இடுப்பு வரைக்கும் கரிசல். கார் இன்னும் ஒரு சாண் இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்கினால்தானே பூசை? ஒன்றுகூட நசுங்கவில்லை. முழுசாகப் புதைந்துபோயின.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கத்தினாள் சுகுணா. அவர் இறங்கி வந்ததும், "டிராக்டர் வச்சு இழுத்தா வந்துரும். போன் பண்ணுங்க" என்றாள். சேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் கருத்தையாவிடம் டிராக்டர் இருந்தது. போனை எடுத்ததும் அவர் குரலே கல்யாண வீட்டுக் குரலாக இருந்தது.

"அண்ணாச்சி! என்ன மழை, என்ன மழை! உழவு மழைல்லா இது! என்ன சொல்லுதீய?"

என்ன சொல்வார்? இந்த ஊரில் இருந்துகொண்டு மழையைத் திட்டிய வாய் வாயா? "ஆமாய்யா, நல்ல மழை" என்றார் லிங்கராஜ். கார் புதைந்து கிடப்பதைச் சொன்னார்.

"இப்ப டிராக்டரை அங்கன எறக்குனா அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வேணும் அண்ணாச்சி. வெயில் ஏறி மேல் ஈரம் இழுக்கட்டும். நான் விதை எடுக்கக் கடையில நிக்கேன், சனம் அம்முது. மத்தியானத்துக்கு மேல கட்டாயம் வாரேன்."

இருவரும் சாய்ப்பு நிழலில் பெயிண்ட் டப்பாக்களில் உட்கார்ந்தார்கள். சுகுணா சேலையில் காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "கழுகுமலை நடை உச்சிக்குச் சாத்திருவாவளே" என்றாள். "சாயங்காலம் திறப்பாவ" என்றார் அவர்.

ஒரு மணி போல ராஜபாண்டியும் அவர் மனைவி உமாராணியும் காரில் வந்தார்கள், பின்னாலேயே லாரி. ராஜபாண்டி நிலைமையைப் பார்த்துச் சங்கடப்பட்டாரே ஒழிய முகம் சுளிக்கவில்லை. டிராக்டர் வரட்டும், இருப்போம் என்றார். உமாராணிதான் மணியைப் பார்த்தாள்.

"ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கிரும் அண்ணாச்சி. மூணு மணி வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது. சாவிய மட்டும் இப்பமே வாங்கிக்கிடுதோமே? நல்ல நேரத்துல கைமாறுன மாதிரி இருக்கும்."

சரியான பேச்சுதான். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். கழுகுமலை போய் வந்த பிறகுதான் சாவி என்று இவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் ராஜபாண்டி ஒரு மறுப்பும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் சொல்ல வேண்டுமானால் பதினைந்து வருஷத்தையும் அல்லவா எடுத்துச் சொல்ல வேண்டும்? அவ்வளவு தூரம் பேச அவருக்குச் சலிப்பாக இருந்தது. வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்து நீட்டினார். கொடுத்த பிறகுதான் சுகுணாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூடையில் மிஞ்சியிருந்த பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கருத்தையா நாலு மணிக்கு வந்தார். டிராக்டரைச் சரளை மேட்டிலேயே நிறுத்தி, நீளக் கயிறு கட்டி இழுத்தார். கார் புதைசேற்றிலிருந்து எருமை எழுந்திருப்பது போல எழுந்து வந்தது. தார் ரோட்டில் நிறுத்தி, உமாராணியும் லாரிக்காரனுமாகக் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தைக் கழுவினார்கள். உமாராணி தாங்கள் வந்த காரிலிருந்து தன் கூடையை எடுத்தாள். தேங்காய், சூடம், நாலு எலுமிச்சை. அவர்களுக்கு அது புது வண்டி அல்லவா, புது வண்டிக்குச் செய்வதைச் செய்தாள்.

"அண்ணாச்சி, ஸ்டியரிங்ல கியர் இருக்கிற வண்டிய நான் ஓட்டுனதில்ல. மொத ஓட்டம் உங்க கையால ஆகட்டும். அந்த வளைவு வரைக்கும் போயிட்டு வந்துருவோம், அப்புறம் லாரியில ஏத்திக்கிடுவோம்" என்றார் ராஜபாண்டி.

லிங்கராஜ் ஏறி உட்கார்ந்தார். உமாராணி முன்சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்தாள், ராஜபாண்டி ஓரத்தில். புது ரெக்சின் மூன்று பேருக்குத் தாராளமாக இருந்தது. உமாராணி சுகுணாவைப் பார்த்தாள். அவளுக்கு நல்ல மனசு.

"மதினி, வாங்க, ஏறுங்க. நெருக்கி உக்காந்துக்கிடலாம், இடம் கெடக்கு."

"இல்லம்மா" என்றாள் சுகுணா. "மொத ஓட்டத்துல வீட்டு ஆளுதான் உக்காரணும். இவிய சொல்லுவாவ."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். இறங்கிவிடலாம் என்று லிங்கராஜின் கை கதவுப் பிடி வரைக்கும் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது. "அண்ணாச்சி, நேரம் நல்லாருக்கு, எடுங்க" என்றார் ராஜபாண்டி. எடுத்தார். எலுமிச்சம்பழங்கள் தார் ரோட்டில் பட்டென்று நசுங்கின. உமாராணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கார் நன்றாகத்தான் ஓடியது. அது ஓடிய அழகுக்கு அவர் அழுதிருக்க வேண்டும். கண்ணாடியில் அரக்குச் சேலை தெரிந்தது, வரவரச் சின்னதாகி, கையில் கூடையோடு. வளைவில் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். லாரியில் பலகை போட்டு ஏற்றிக் கட்டினார்கள். ராஜபாண்டி கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப நெனச்சாலும் வந்து பாருங்க அண்ணாச்சி" என்றார். லாரி போகும்போது பெயிண்ட் அடிக்காத சிவப்புப் பக்கம்தான் இவர்கள் பக்கம் தெரிந்தது.

சுகுணா புடவையைத் தூக்கிக்கொண்டு கார் கிடந்த பள்ளத்துக்குப் போனாள். குனிந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். துடைத்தாள். முழுப்பழம். கூடையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் வந்து ஏறினாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு லிங்கராஜ், "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இறங்கியிருப்பேன்லா" என்றார். தன் காதுக்கே நொண்டிச்சாக்காகப் பட்டது.

"நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். கோபமில்லை, அலுப்புதான். "முடியட்டும் முடியட்டும்னு இத்தனை வருசம் வெளிய நிப்பாட்டுனீய. கடைசில முடிக்காமத்தான குடுத்தீய? பின்சீட்டு இல்ல, ஒரு பக்கம் பெயிண்ட் இல்ல. அந்தப் பிள்ளை ஏறி உக்காரலையா? ஓடலையா? அதே வண்டியில என்னைய ஒருநா, அந்தச் சாய்ப்புக்குள்ளயே, சும்மா ஏறி உக்காருன்னு சொல்லியிருந்தா என்ன? முன்ன நாலடி, பின்ன நாலடி போவீயல்லா, அதுக்குக் கூட்டியிருந்தா நான் வந்திருப்பேன்."

ரோட்டோரம் சம்சாரிகள் அவரவர் காட்டு வரப்பில் நின்று ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையைத் தூக்கி, "என்ன பிளசர் அண்ணாச்சி, மழை எப்படி?" என்று கேட்டார். "நல்ல மழை" என்றார் லிங்கராஜ். முன்னால் ரோடு முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவள் சேலையில் இன்னும் சேறு தெறிக்கக் கூடாது என்று, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, மொபெட்டை மெதுவாக, மிக மெதுவாக உருட்டிக்கொண்டு போனார்.